கொரியக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள்: நீங்கள் என்ன பரிசு கொடுத்தீர்கள்?

தென் கொரியாவின் சுவோனிலிருந்து:

கீழ்வீட்டுக் குழந்தைக்குப் போன மாதம் டொல் ஜாஞ்சி. முதல் பிறந்தநாளை இங்கே டொல் என்பார்கள், ஜாஞ்சி என்றால் விருந்து. அந்தக் காலத்தில் ஒரு வயதைத் தாண்டாமல் போன குழந்தைகள் நிறைய. அதனால்தான் முதல் வருடம் முடிந்ததும் ஊரைக் கூட்டி விருந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டு ஹல்மோனி, அதாவது பாட்டி, குழந்தையின் நூறாம் நாளன்று வெள்ளை அரிசிக் கேக் கொண்டுவந்து கொடுத்தவர். அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது இங்கேயும் வழக்கம்தான். நான் முறுக்கு வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல ஒட்டுதல். அதனால் பரிசு நல்லதாக இருக்க வேண்டும் என்று மனதில் இருந்தது.

அம்மா ஊரிலிருந்து வாங்கிவந்த குட்டி மோதிரம் ஒன்று என்னிடம் இருந்தது. 22 காரட், சிவப்புக் கல் வைத்தது. கொரியத் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றாள், ஆனால் டொல்லுக்குக் கொடுக்கும் மோதிரம் 24 காரட்டாக இருக்க வேண்டும், கல் வேண்டாம் என்றாள். இங்கே கடைகளில் 14, 18, 24 காரட்தான் புழக்கம். 22 காரட்டை விற்கப் போனால் கடைக்காரர் யோசிப்பாராம். குழந்தை விரலில் ஒருமுறை போட்டுப் படம் எடுத்துவிட்டு, பெட்டியோடு பீரோவில் வைத்துவிடுவார்கள். அவசரத்துக்கு உதவும் சேமிப்பு அது. 1998-ல் நாடு கடனில் தவித்தபோது மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்த தங்கம் சுமார் 227 டன். அதில் இப்படிப்பட்ட டொல் மோதிரங்களும் ஏராளம். தோழியின் அம்மாவும் தன் பிள்ளைகளின் மோதிரங்களைக் கொடுத்திருக்கிறார். அதை அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

முறைப்படி கொடுப்பது ஒரு டோன், அதாவது 3.75 கிராம். 2025-லேயே ஒரு டோன் 6 லட்சம் வொன்னைத் தாண்டிவிட்டது. தனியாக வாங்க எங்களால் முடியாது. அதனால் மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, சியோலில் ஜோங்னோ நகைக்கடைத் தெருவுக்குப் போய் உத்தரவாதச் சீட்டோடு வாங்கினோம். அப்படி முடியாதவர்கள் அரை டோனோ ஒரு கிராமோ கொடுக்கிறார்கள். யாரும் குறையாக நினைப்பதில்லை.

விருந்தில் டொல்ஜாபி நடந்தது, குழந்தை எடுக்கும் பொருளை வைத்து எதிர்காலம் சொல்லும் சடங்கு. நூல், புத்தகம், பணம், தூரிகை, ஸ்டெதஸ்கோப் எல்லாம் குழந்தை முன்னால் பரப்பி வைத்தார்கள். வண்ணப் பட்டைக் கை வைத்த ஹன்போக்கில், அதாவது கொரியப் பாரம்பரிய உடையில், தவழ்ந்து போன குழந்தை பணத்தைத் தள்ளிவிட்டு நூற்கண்டை எடுத்தது. நூல் என்றால் நீண்ட ஆயுள். ஹல்மோனி கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூசானிலிருந்து:

உடன் வேலை செய்பவர் வீட்டு விருந்து என்றால் மோதிரம் தேவையில்லை, வெள்ளை உறையில் பணம் வைத்தால் போதும். பின்பக்கம் பெயர் எழுத மறக்காதீர்கள். நம் மொய் நோட்டு மாதிரி அவர்களும் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள், நம் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வதற்காக. 3, 5 என்று ஒற்றைப்படையாகப் பத்தாயிரங்களை வைப்பது வழக்கம், பத்துப் பத்தாயிரமும் வைக்கலாம். நான்கு வேண்டாம், அந்தச் சொல்லின் ஒலி சாவை நினைவுபடுத்தும். நான் ஒரு 50,000 வொன் நோட்டு வைத்தேன். கிளம்பும்போது கையில் ஒரு துண்டும் அரிசிக் கேக்கும் கொடுத்து அனுப்பினார்கள், நம் தாம்பூலப் பை போல.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து:

எங்கள் ஆலையின் கொரிய மேலாளர் தன் மகளின் டொல்லை இங்கேயே வைத்தார். ஒரு டோன் மோதிரம் இங்கே கிடைக்கவில்லை. 24 காரட்டில் 2 கிராம் நாணயம் வாங்கினோம். கூடவே ஒரு பருத்தி கவுன், இரண்டு வயது அளவில். சரியான அளவில் எடுத்தால் மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும். மேலாளரின் மனைவி நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்து, எத்தனை கிராம் என்று கேட்டு, உடனே டோன் கணக்கில் மாற்றிச் சொன்னார். நாங்கள் பவுன் கணக்கில் சொன்னோம். அப்புறம் அரை மணி நேரம் தங்க விலைதான் பேச்சு.