திருச்செந்தூர் கடலில் மோதிரம் தொலைந்தது: மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடலாமா?

நெல்லைமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் குடும்பத்தோடு திருச்செந்தூர் சென்றிருந்தோம். வழக்கப்படி கோயிலுக்கு எதிரே கடலில் நீராடிவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போனோம். அங்கே படியில் இறங்கும்போதுதான் அப்பாவின் விரலில் மோதிரம் இல்லை என்பதை அம்மா கவனித்தார். அரைப் பவுன் எடை, 22 காரட், கல் எதுவும் பதிக்காத மோதிரம். சர்க்கரை நோயால் அப்பா மெலிந்துபோனதால், கழன்று விழாமல் இருக்க அதன் அடிப்பகுதியில் சிவப்பு நூல் சுற்றிப் போட்டிருந்தார். அந்த நூல் நனைந்து இளகியிருக்க வேண்டும்.

இடுப்பளவு நீரில் நின்று காலால் துழாவி ஒரு மணி நேரம் தேடினோம். அன்று இருந்த கூட்டத்தில் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் என் தாய்வழித் தாத்தா மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அது என்பதால், அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கலாம் என்கிறான் தம்பி. வணிக வளாகங்களின் வாசலில் காவலர்கள் வைத்திருக்கும் கைக்கருவியை யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்றும் சொல்கிறான். அவை தங்கத்தைக் காட்டுமா? உப்பு நீரில் வேலை செய்யுமா? மோதிரம் இதற்குள் ஆழ்கடலுக்குப் போயிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மணல்தேடி எழுதியது:

சகோதரி, நான் தூத்துக்குடிக்காரன். பதினொரு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கிறேன். வார இறுதிகளில் கடற்கரையில் இந்தக் கருவியோடு நடப்பதுதான் என் பொழுதுபோக்கு. இதுவரை ஒன்பது மோதிரங்களை உரியவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். தேடிக் கிடைக்காமல் கைவிட்டவை அதைவிட அதிகம்.

முதலில் வாசல் காவலரின் கைக்கருவியை மறந்துவிடுங்கள். அது சட்டைப் பையில் இருக்கும் கத்தியைக் காட்டச் செய்யப்பட்டது. மணலுக்குள் நான்கு விரல் ஆழத்தில் கிடக்கும் மோதிரத்துக்கு அது பெரும்பாலும் வாய் திறக்காது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுக்கலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகால் ஆனவை என்பதால், நீர்நிலைகளில் காசு எடுப்பவர்களுக்கு அந்த முறை உதவுகிறது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது.

மெட்டல் டிடெக்டர் காந்தத்தைப் போல் உலோகத்தை ஈர்ப்பதில்லை. அதன் அடியில் உள்ள வட்டச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மோதிரத்தைத் தொடும்போது அதற்குள் ஒரு சிறு மின்னோட்டம் சுழலத் தொடங்குகிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் மெல்லிய புலத்தைக் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. மோதிரம் முழு வளையம் என்பதால் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிவரும், சைகையும் தெளிவாக இருக்கும். தொலைந்தது மெல்லிய சங்கிலியாக இருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்க மாட்டேன். கண்ணி கண்ணியாகப் பிரிந்திருக்கும் சங்கிலியைப் பல கருவிகள் கவனிக்காமலே கடந்துவிடும்.

ஆழத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சிறிய பொருளிலிருந்து சுருள் இருக்கும் தூரம் இரட்டித்தால், திரும்பி வரும் சைகை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அரைப் பவுன் மோதிரத்தை நல்ல கருவி ஒரு சாண் ஆழம் வரை காட்டினாலே பெரிய விஷயம்.

உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவிகளுக்கு ஈர மணல் முழுவதுமே உலோகம் போலத் தோன்றி, அலை வந்து போகும்போதெல்லாம் அவை கத்திக்கொண்டே இருக்கும். அங்கே ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவியோ, விட்டு விட்டு மின்துடிப்புகளை அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவியோதான் பயன்படும். நான் வைத்திருப்பது பல அதிர்வெண் வகையைச் சேர்ந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ். ஒரு மோதிரத்துக்காக அதை வாங்கினால் கருவியின் விலை பொருளின் விலையோடு போட்டி போடும். உலர்ந்த மணலில் இந்தச் சிக்கல் இல்லை. எளிய கருவியே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. குப்பையை ஒதுக்கும் வசதி இருக்கிறது என்று விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குளிர்பான டப்பாவின் இழுவளையமும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் கருவியின் திரையில் காட்டும் எண்கள், தங்க மோதிரங்கள் காட்டும் எண்களோடு கலந்தே வரும். அலுமினியத்தை ஒதுக்கினால் தங்கமும் ஒதுங்கிவிடும். மேல்நாட்டு வழிகாட்டிகளில் மோதிரத்துக்கென்று தரப்படும் எண்கள் பெரும்பாலும் 14, 18 காரட் மோதிரங்களுக்கு உரியவை. நம்முடைய 22 காரட் அதே அளவில் அவற்றைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் எண் சற்று உயர்ந்து வரும். கைவசம் இருக்கும் வேறொரு 22 காரட் மோதிரத்தை நூலில் கட்டி, மணலில் புதைத்து, அது எழுப்பும் ஒலியைக் காதில் ஏற்றிக்கொண்ட பிறகே தேடத் தொடங்க வேண்டும்.

மோதிரம் ஆழ்கடலுக்குப் போயிருக்காது. தங்கம் மணலைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. அலை மணலை அரிக்க அரிக்க அது மிதந்து செல்லாமல் கீழே இறங்கும். ஆகவே நாள் கடந்தால் இடம் மாறுவதைவிட ஆழம் கூடுவதுதான் ஆபத்து.

இவ்வளவும் சொன்னாலும், நான் கண்டெடுத்த ஒன்பதில் ஆறு மோதிரங்கள் உரிமையாளர் முதலில் காட்டிய இடத்தில் இல்லை. கழன்றதை எப்போது உணர்ந்தோமோ அதற்குச் சற்று முன்புதான் கழன்றிருக்கும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது, அல்லது தண்ணீரில்தான் போயிருக்கும் என்று பிடிவாதம் பிடிக்கிறது. ஆகவே கருவி வாங்கும் முன், மோதிரம் விரலில் இருந்ததை யாரோ ஒருவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று வீட்டில் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அன்று எடுத்த கைப்பேசிப் படங்கள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, அப்பாவின் கையைப் பாருங்கள். ஈரத் துணி வைத்த பையையும் வண்டி இருக்கையின் இடுக்கையும் சோதித்துவிட்டீர்களா?

வீரபாண்டியன்பட்டினத்தான் எழுதியது:

அக்கா, நான் பக்கத்து ஊர். கோயில் கடற்கரையில் சிப்பி அரிக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பக்தர்கள் தவறவிட்ட சங்கிலி, மோதிரம், தோடு ஆகியவற்றை அவர்கள் பல முறை கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் காற்றுக்கு மணல் எந்தப் பக்கம் ஒதுங்கும், எந்தப் பாறைப் பள்ளத்தில் கனமான பொருள் தங்கும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். வெளியிலிருந்து கருவியோடு வருபவர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்குவது வீண் வேலை என்பது என் கருத்து. கோயில் அலுவலகத்திலும் புறக்காவல் நிலையத்திலும் முதலில் சொல்லிவிடுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், இடுப்பளவு நீர் நின்ற இடம் முழங்காலளவாக மாறிவிடும். கடலில்தான் விழுந்தது என்றால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நெல்லைமகள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மணல்தேடி ஐயா சொன்னபடி படங்களைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. நீராடிக் கரையேறிய பிறகு, 6.52 மணிக்குத் தம்பி எடுத்த படத்தில், துண்டைத் தோளில் போட்டபடி அப்பா நிற்கிறார். இடக்கை விரலில் மோதிரம் பளிச்சென்று தெரிகிறது. அப்படியானால் நாங்கள் கடலில் துழாவிய ஒரு மணி நேரமும் வீண். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, வேட்டியைப் பிழிந்து உதறியதாக அப்பா சொல்கிறார். எந்த இடத்தில் என்பதில் மட்டும் அம்மாவுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. துணிப்பையையும் வண்டியையும் அலசிவிட்டோம்.

வேணாட்டான் எழுதியது:

அம்மா, நாகர்கோவிலில் நிலத்தடிக் குழாய் தேடும் வேலைக்காக ஓர் எளிய கருவி வைத்திருக்கிறேன். கடலோர ஈரத்தில் அது உளறும், உலர் மணலில் ஒழுங்காக நடந்துகொள்ளும். மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் என்ற இரும்பு, டைட்டானியத் தாது கலந்த கறுப்பு மணலில் அதோடு பட்ட பாட்டில், மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சமன்செய்யக் கற்றுக்கொண்டேன். வரும் புதன்கிழமை தூத்துக்குடிக்கு வேலையாகப் போகிறேன். அதிகாலை நான்கு மணிக்குக் கூட்டம் குறைவாக இருக்கும்போது அப்பாவைத் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு அழைத்து வர முடியுமா? வேட்டியும் துண்டும் கட்டாயம் வேண்டும். அவர் அதே வேட்டியை அங்கே நின்று உதறிக் காட்ட வேண்டும்.

சட்டப்படி எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. உங்கள் மோதிரத்தை நீங்கள் தேடுவதில் சிக்கல் இல்லை. ஆனால் தேடும்போது மற்றவர்களுடைய நகையும் அகப்படும். கண்டெடுத்த பிறர் பொருளைக் கைவசம் எடுத்துக்கொள்பவர், அதை, பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பெற்றவருக்கு உரிய பொறுப்போடு காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71. அதே சட்டத்தின் 168ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் குறிப்பிட்ட வெகுமதியை அறிவித்திருந்தால் கண்டெடுத்தவர் அதைக் கேட்டு வழக்குத் தொடரலாம். அறிவிக்காவிட்டால் தன் சிரமத்துக்கும் செலவுக்கும் ஈடு கிடைக்கும் வரை பொருளை வைத்திருக்கலாமே தவிர, ஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாது. ஆகவே தொகையை முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

மண்ணில் மறைந்து கிடந்த பழங்காசு போன்றவை கிடைத்து, அவற்றின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறாமல் இருப்பது சட்டப் புத்தகத்தின் நகைச்சுவைகளில் ஒன்று. வேணாட்டான் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வழியில்தானே இருக்கிறது என்று ஆதிச்சநல்லூரில் மட்டும் அந்தக் கருவியோடு இறங்கிவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதியில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டின் பழங்காலச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய சட்டப்படி குற்றம்.

வேணாட்டான் எழுதியது:

புதன்கிழமை நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக நடந்து காட்டச் சொன்னேன். இருவர் காட்டிய இடங்களுக்கும் நடுவே பதினைந்து அடி வித்தியாசம் இருந்தது. படத்தின் பின்னணியில் தெரிந்த விளக்குக் கம்பத்தை வைத்து, அம்மா சொன்ன இடமே சரி என்று முடிவு செய்தோம். அப்பா அங்கே நின்று வேட்டியை உதறினார். கனமான பொருள் கையிலிருந்து கழன்றால் காலடியில் விழாது, கை வீசிய திசையில் பறக்கும் என்பதால், அவர் நின்ற இடத்திலிருந்து முன்னும் வலமுமாகப் பன்னிரண்டு அடிக்குக் கயிறு கட்டி, வரப்பு வரப்பாகப் பிரித்துக்கொண்டேன்.

எந்த உலோகத்தையும் ஒதுக்காமல் கருவியை வைத்ததால் அது ஓயாமல் கத்தியது. சோடா மூடி, ஆணி, ஊக்கு, கொண்டை ஊசி, திருநீற்று உறையின் உட்தாள் எல்லாம் வந்தன. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே கொள்கையில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். மெத்தையில் இருந்த எஃகுச் சுருள்கள் அதைக் குழப்பிவிட்டன என்பார்கள். சுற்றியிருக்கும் இரும்பை முதலில் அப்புறப்படுத்து என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. முதல் அரை மணி நேரம் குப்பையைப் பொறுக்குவதிலேயே போனது.

சிப்பி அரிக்கும் பெரியவர் ஒருவர் தம் சல்லடையோடு உடன் வந்தார். கருவி ஒலிக்கும் இடத்தை நான் காலால் வட்டமிடுவேன், அவர் அந்த மணலை அள்ளிச் சலிப்பார். நான் ஒவ்வொன்றாகத் தோண்டியிருந்தால் விடிந்து கூட்டம் வந்திருக்கும். நான்காவது வரப்பின் கடைசியில், முன்பே கேட்டுப் பழகியிருந்த அதே ஒலி, கருவியை இருபுறமும் வீசியபோது ஒரே சீராக வந்தது. சல்லடையில் முதலில் தெரிந்தது சிவப்பு நூல். நான்கு விரல் ஆழம்கூட இல்லை.

நெல்லைமகள் எழுதியது:

வேணாட்டான் ஐயா வண்டிச் செலவுக்குக்கூட எதுவும் வாங்க மறுத்துவிட்டார். பெரியவருக்கு முன்பே பேசிய தொகையைக் கொடுத்தோம். தேடலில் கிடைத்த ஒற்றை வெள்ளி மெட்டியைப் புறக்காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்புதல் எழுதி வாங்கியிருக்கிறோம். நூலைப் பிரித்துவிட்டு, அளவு குறைப்பதற்காக மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அப்பா தினமும் மாலையில் கடை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.