75 வழக்கு போட்டவருக்கா ஓட்டு?

நாற்சந்தி:
2017 மே 16-ம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டெமாக்ரட் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். நகரின் குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி பதவிக்கு நிற்கும் ஏழு பேரில் லாரி கிராஸ்னருக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். "போலீஸ் மேல் 75 வழக்கு போட்டவர் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த 75தான் ஐயா அவருடைய தகுதியே!

கோட்டைவாசல்:
எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். 75 வழக்கு போட்டவர் அரசுத் தரப்பில் ஒரு வழக்குகூட நடத்தியதில்லை. நாளைக்கு அதே போலீஸ்காரர்தானே இவருக்குச் சாட்சி சொல்ல வர வேண்டும்?

நாற்சந்தி:
வரட்டும். எந்தச் சாட்சி புளுகுகிறது என்று, குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்று 30 வருடம் குறுக்கு விசாரணை செய்தவருக்குத் தெரியாதா? இப்போது பதவியில் இருக்கும் செத் வில்லியம்ஸ் அரசுத் தரப்பிலேயே ஊறியவர். மார்ச் மாதம் அவர் மேலேயே லஞ்ச வழக்கு பாய்ந்துவிட்டது. உங்கள் அனுபவம் கிழித்தது இதுதான்.

கோட்டைவாசல்:
பேச்சை மாற்றாதீர்கள். 75.

மைக்கூடு:
தலைப்பு எதுவானாலும் 'வழக்குரைஞர்' என்று எழுதுங்கள். 'வழக்கறிஞர்' வேண்டாம்.

நாற்சந்தி:
மைக்கூடு ஐயா, இந்தத் திரியில் அந்தச் சொல்லை நீங்கள்தான் முதலில் எழுதுகிறீர்கள். போன வருடமும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினீர்கள், மறக்கவில்லை.

மைக்கூடு:
தமிழைச் சொன்னால் கோபமா? நான் இங்கே 12 வருடமாக எழுதுகிறேன், தம்பி.

நாற்சந்தி:
எழுதுங்கள். நேற்று ஒரு அம்மா ஜாமீன் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினார், மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. ஜாமீன் 5,000 டாலர். பத்து சதவீதம், அதாவது 500 கட்டினால் மகன் வெளியே வரலாம். அதைப் புரட்ட 11 நாள். அதற்குள் பையனுக்கு வேலை போய்விட்டது. காசு ஜாமீனை ஒழிப்பேன், மரண தண்டனை கேட்கமாட்டேன் என்கிறார் கிராஸ்னர். இதற்கு ஓட்டுக் கேட்பது தப்பா?

கோட்டைவாசல்:
என் மைத்துனர் கடைப் பூட்டை இரண்டு தடவை உடைத்தார்கள். அவருக்காக யார் கதவைத் தட்டினீர்கள்? 75-க்கு இன்னும் பதில் வரவில்லை.

நாற்சந்தி:
முதல் பதிவிலேயே இருக்கிறது, கண்ணைத் திறந்து படியுங்கள். எனக்கு இன்னும் இரண்டு தெரு பாக்கி. ராத்திரி வந்து மறுபடி சொல்கிறேன்.

கோட்டைவாசல்:
வாருங்கள், இங்கேயேதான் இருப்பேன். 75.