போர்ட் வைன்லயும் ஸ்பிரிட் சேர்க்கறாங்க, ஷெர்ரி வைன்லயும் சேர்க்கறாங்க, அப்புறம் ஏன் ஒண்ணு இனிப்பு, ஒண்ணுல இனிப்பே இல்ல?

தூரத்துமேகம்:
போன வாரம் போர்ச்சுகல்ல போர்ட்டோ போயிருந்தோம். ஆத்துக்கு அந்தக் கரைல வில நோவா த கயா, அங்க வரிசையா பீப்பாய் கிடங்கா இருக்கு, அதுல ஒண்ணுல டேஸ்டிங் டூர் எடுத்தோம். ரூபி, டானினு ரெண்டு வகை போர்ட் ஒவ்வொரு கிளாஸ் குடுத்தாங்க, ரெண்டுமே நல்ல இனிப்பு. "நொதிக்கறப்பவே திராட்சை ஸ்பிரிட் சேர்த்துடுவோம், அதான் இனிப்பு"னு (ஸ்பிரிட்னா வைனைக் காய்ச்சி வடிச்ச கடும் சரக்கு) ஒரே வரில சொல்லிட்டு அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஸ்பெயின் பக்கம் ஷெர்ரி பண்ற ஊரான ஹெரேஸ் போனோம், அங்க ஃபினோங்கற வகை ஷெர்ரி குடிச்சேன். அதுலயும் ஸ்பிரிட் சேர்க்கறதாத்தான் சொல்றாங்க, ஆனா வாய்ல வெச்சா துளி இனிப்பு இல்ல, பாதாம் வாசம், லேசா உப்புக் கரிக்கற மாதிரி ஒரு முடிவு. ஒரே வேலையப் பண்ணி எப்படி இப்படி ரெண்டு எதிரெதிர் சரக்கு வருது? ரெண்டுலயும் ஒவ்வொரு பாட்டில் வாங்கியிருக்கேன், திறந்தா எத்தனை நாள் தாங்கும்னும் சொல்லுங்க.

கல்படிக்கட்டு:
எப்போ ஊத்துறாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. நொதிக்கறதுன்னா ஈஸ்ட் சர்க்கரையத் தின்னு ஆல்கஹாலா மாத்துறது. போர்ட்ல அது பாதி சர்க்கரையத் தின்னு முடிக்கறப்பவே, அதாவது ரெண்டு மூணு நாள்லயே, சாறை வடிச்சு 77 சதவீதம் ஸ்பிரிட் ஊத்திடுவாங்க. பழைய கணக்குல 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர் ஸ்பிரிட், சேர்த்து 550 லிட்டர், அதுதான் ஒரு பைப்ங்கற பீப்பாய் அளவு. ஆல்கஹால் ஒரேடியா 20 சதவீதம் கிட்ட ஏறினதும் ஈஸ்ட் செத்துடும், தின்னாம விட்ட பாதி சர்க்கரை அப்படியே நின்னுடும். நீங்க குடிச்ச இனிப்பு அந்தத் திராட்சையோட சொந்த சர்க்கரைங்க, வெளில இருந்து யாரும் போட்டதில்ல.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, எனக்கு போர்ட் மேல இவ்வளவு பிரியம் வந்ததே அதனாலதான். சாதாரண ரெட் வைன் ஒரு வாரம் பத்து நாள் தோலோட கிடந்து நிறத்தையும் துவர்ப்பையும் எடுத்துக்கும், போர்ட்டுக்கு அந்த டைமே கிடையாது, அந்த ரெண்டு மூணு நாள்லயே எல்லாத்தையும் பிழிஞ்சாகணும். கால்ல மிதிக்கற பழக்கம் இன்னும் உசுரோட இருக்கறதுக்கு அதான் காரணம், டூரிஸ்டுக்காக மட்டும்னு நினைச்சுடாதீங்க. லகார்னு சொல்ற அகலமான கருங்கல் தொட்டி, தொடை வரைக்கும் திராட்சை. போர்ட்டுக்கான திராட்சை விளையற டூரோ ஆத்துப் பள்ளத்தாக்குல ஒரு தோட்டத்துல அறுவடை சமயத்துல நானும் இறங்கியிருக்கேன். மொத ரெண்டு மணி நேரம் ஆளுக்காள் தோள்ல கை போட்டு வரிசையா நின்னு, ஒருத்தர் எண்ணிக்கை சொல்லச் சொல்ல ராணுவ நடை மாதிரி மெதுவா மிதிக்கணும், பேச்சே இருக்காது. காலுக்கடில பழம் ஒண்ணொண்ணா வழுக்கி உடையறது நல்லாத் தெரியும், மொதல்ல ஜில்லுன்னு இருக்கும், மறுநாள் நொதி கிளம்பினதும் கணுக்கால்ல இருந்து வெதுவெதுன்னு ஏறும். அந்த ரெண்டு மணி நேரம் முடிஞ்சதும் லிபர்தாத்னு கத்துவாங்க, சுதந்திரம்னு அர்த்தம், அதுக்கப்புறம் அக்கார்டியன் வாசிக்க அதே தொட்டிக்குள்ள ஆட்டம்தான். கால் நகத்துல ஊதா நிறம் போக ஒரு வாரம் ஆச்சு. கால்ல மிதிச்சா கொட்டை உடையாது, அதனால கசப்பு இறங்காது, இப்போ மெஷின் கால் வந்திருக்கு, அதுவும் இதைப் பார்த்துத்தான் பண்ணினது.

உப்புக்காத்து:
ஷெர்ரி பத்தி நான் சொல்றேன். அங்க பலோமினோ திராட்சைய முழுசா நொதிக்க விட்டுடுவாங்க, சர்க்கரை சுத்தமா தீர்ந்த அப்புறம்தான் ஸ்பிரிட், அதுவும் கொஞ்சூண்டு, 15 சதவீதம் வர்ற அளவுக்கு. ஏன் சரியா 15னா, அந்த அளவுலதான் வைன் மேல ஃப்ளோர்னு ஒரு ஈஸ்ட் படலம் உக்காரும், 17 தாண்டினா அது வாழாது. அதனால போர்ட்ல ஸ்பிரிட் ஊத்துறது ஈஸ்டைக் கொல்றதுக்கு, ஃபினோல ஊத்துறது வேற ஒரு ஈஸ்டை வாழ வைக்கறதுக்கு. இதை மொத மொத புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

முன்பக்கம் கண்ணாடி போட்ட பீப்பாய் ஒண்ணு சில கிடங்குல காட்டுவாங்க, பார்த்தீங்களா? 600 லிட்டர் பீப்பாய்ல ஆறுல அஞ்சு பங்குதான் நிரப்புவாங்க, மேல காத்து இருந்தாத்தான் ஃப்ளோர் வளரும். பால் ஆறினா ஆடை கட்டுமே, அப்படி வெளுத்து, சுருக்கம் சுருக்கமா மிதக்கும். காத்து வைனைத் தொடாம அதுதான் மூடி வைக்கும், மிச்சம் மீதி இனிப்புத் தன்மையையும் தின்னுடும், நீங்க சொன்ன பாதாம் வாசமும் அது பண்ற வேலைதான். ஃப்ளோர் வெயிலுக்கு வாடும், அதுக்காகத்தான் கிடங்கு கூரை கோயில் மண்டபம் மாதிரி அவ்வளவு உசரம், தரைல மண்ணு போட்டு தண்ணி தெளிக்கறதும் அதுக்குத்தான். கடலோரத்துல சான்லூக்கர்ல ஈரக்காத்து இருக்கறதால வருஷம் பூரா தடிமனா நிக்கும், அங்க வர்றதுக்கு மன்சனியானு தனிப் பேரு, என் ஓட்டு எப்பவும் அதுக்குத்தான். இன்னொண்ணு, ஒலொரோசோங்கற வேற வகை ஷெர்ரிக்கு 17க்கு மேல ஏத்தி வேணும்னே ஃப்ளோர் இல்லாம வெச்சுடுவாங்க, காத்து பட்டு பழுப்பா, வால்நட் வாசமா வரும், ஆனா அதுவும் இனிப்பில்ல. ஷெர்ரின்னாலே இனிப்புன்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, பெட்ரோ ஹிமேனெஸ் மாதிரி திராட்சைய வெயில்ல காயவெச்சுப் பண்றதும், அதைக் கலந்து பண்றதும்தான் இனிப்பு.

பழையமரப்பெட்டி:
@கல்படிக்கட்டு நல்லா சொன்னீங்க, ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். நொதிக்கறப்பவே நிறுத்துறது ஆதிகாலத்துல இருந்து வந்த முறை இல்ல. மொதல்ல வைன் முடிஞ்ச அப்புறம் கடல் பயணத்துல கெட்டுப் போகாம இருக்க கொஞ்சம் பிராந்தி, அதாவது அந்தத் திராட்சை ஸ்பிரிட், ஊத்தினாங்க, அவ்வளவுதான். 1703ல இங்கிலாந்து போர்ச்சுகல் வைனுக்கு பிரான்ஸ் வைனை விட வரி கம்மி பண்ணவும் தேவை எகிறிடுச்சு, கலப்படமும் சேர்ந்து வந்துச்சு, நிறத்துக்காக எல்டர்பெர்ரிங்கற கருப்புப் பழம் கூட போட்டாங்க. 1756ல போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு டூரோவுக்கு எல்லை வகுத்தாரு, பின்னாடி எல்லைக்கல்லும் நட்டு, உள்ள எல்டர்பெர்ரி செடியே இருக்கக் கூடாதுன்னு பிடுங்க வெச்சாரு. இனிப்பான போர்ட்தான் போர்ட்னு ஆனது 19ஆம் நூற்றாண்டுல, அப்பவும் சண்டை இல்லாம நடக்கல, ஃபாரஸ்டர்னு ஒரு வியாபாரி 1844ல பிராந்தி ஊத்துறதே தப்புன்னு துண்டுப் பிரசுரம் போட்டாரு. அவர் 1861ல அதே டூரோ ஆத்துல படகு கவுந்து மூழ்கிப் போனாரு. அந்த ஆளு ஜெயிச்சிருந்தா நீங்க போன வாரம் குடிச்சது டிரை வைனாத்தான் இருந்திருக்கும்.

தூரத்துமேகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்தக் கண்ணாடி பீப்பாயப் பார்த்தேன், அந்த வெள்ளை என்னன்னு தெரியாமலே போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன். என்கிட்ட இருக்கறது 10 வருஷ டானி ஒண்ணு, ஃபினோ ஒண்ணு. எதை மொதல்ல திறக்கலாம்?

உப்புக்காத்து:
ஃபினோவைத் திறங்க, அதுவும் சீக்கிரமா. அத்தனை வருஷம் காத்தே படாம வளர்ந்தது, ஃப்ளோர் போன அப்புறம் பாட்டில்ல அதுக்குக் காவல் கிடையாது, வெச்சிருந்தா ஏறாது, இறங்கத்தான் செய்யும். நல்லா ஜில்லுன்னு குடிங்க, மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க.

கல்படிக்கட்டு:
டானி நேர் எதிர், வருஷக்கணக்கா பீப்பாய்ல காத்து பட்டுப் பட்டுத்தான் அந்த நிறமே வந்தது, திறந்த அப்புறமும் ஃப்ரிட்ஜ்ல ஒரு மாசம் கிட்ட நல்லாவே இருக்கும். 20 சதவீதம்ங்கறத மறந்துடாதீங்க, சின்ன கிளாஸ்ல ஊத்துங்க, ரூம் சூட்டை விட கொஞ்சம் குளிர்ச்சியா. பின்னாடி எப்பவாவது வின்டேஜ் போர்ட் (ஒரே வருஷ அறுவடைல பண்ணி பாட்டில்லயே பழக விடறது) வாங்கினா அது வேற கதை, அடில கசடு இருக்கும், ஒரு நாள் முன்னாடியே பாட்டிலை நிமித்தி வெச்சுட்டு மெதுவா வேற குடுவைக்கு மாத்துங்க, திறந்தா ரெண்டு நாள்தான், அதனால நாலு பேர் இருக்கற அன்னிக்குத் திறங்க.