பொருள்: உகுலேலேயில் ‘ஸ்ட்ரம்’, ‘பிக்’ – மீட்டலா, வாரலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கித்தார் போன்ற சிறு தந்திக் கருவியான உகுலேலேயைப் பழகத் தொடங்குவோருக்காகச் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். கருவியின் பெயரில் எனக்குக் குழப்பமில்லை. அமெரிக்கர் ‘யூகலேலி’ என்று ஒலித்தாலும் ஹவாய்த் தீவினரின் ஒலிப்பே முறை என்பதால் ‘உகுலேலே’ என்று எழுதிவிட்டேன். இடறுவது இரண்டு சொற்களில்தான். நான்கு தந்திகளையும் ஒரே வீச்சில் தடவிச் செல்லும் ஸ்ட்ரம் என்பதை ‘மீட்டுதல்’ என்றும், அதற்காகக் கையில் பிடிக்கும் பிக் என்பதை ‘மீட்டி’ என்றும் எழுதி வந்தேன். முதல் இயலை முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், “மீட்டியால் மீட்டி மீட்டிப் பழகுக” என்றொரு வாக்கியம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒற்றைத் தந்தியை விரலால் இழுத்து விடுவதற்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த இரண்டு செயல்களையும் ஒரு கருவியையும் பிரித்துக் காட்டும் சொற்களைப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன்.

*

மறுமொழி:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தங்கள் சிக்கல் வாக்கிய அழகைப் பற்றியது மட்டுமன்று. கற்பவரின் கை எப்படி அசைய வேண்டும் என்பதையும் பற்றியது. வீணையில் மீட்டு என்பது குறிப்பிட்ட ஒரு தந்தியில் விரலைப் பதித்து விடுவிக்கும் செயல். அந்தப் பொருளை மனத்தில் கொண்டு உகுலேலேயைத் தொடுபவர் நான்கு தந்திகளையும் தனித்தனியே கொக்கி போட்டு இழுக்கப் பார்க்கிறார். மணிக்கட்டு இறுகுகிறது, முழங்கையிலிருந்து கை முழுவதும் மேலும் கீழும் ஓடுகிறது, ஐந்து நிமிடத்தில் முன்கை கடுக்கிறது. நானும் அப்படித்தான் பழகிக் கெட்டேன். உண்மையில் வேண்டியது வேறு. சுட்டுவிரலைத் தளர்வாக மடக்கி, கழுத்தும் உடலும் கூடும் இடத்துக்கு மேலாக வைத்து, கையில் ஒட்டிய நீரை உதறுவதுபோல் மணிக்கட்டைச் சுழற்றினால், கீழே போகும்போது நகமும் மேலே வரும்போது விரல்நுனிச் சதையும் தந்திகளை உரசிக்கொண்டு போகும். எந்தத் தந்தியிலும் விரல் தங்குவதில்லை. ஆகவே சொல்லும் தங்கக் கூடாது.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘வாருதல்’, பெயராக ‘வாரல்’. தலையை வாரும்போது சீப்பு ஒவ்வொரு மயிராக எடுப்பதில்லை, எல்லாவற்றையும் ஒருசேரத் தழுவி ஓடுகிறது என்பது எல்லோரும் அறிந்த அசைவு. இச்சொல் இசைக்குப் புதிதும் அன்று. பொருநராற்றுப்படையில் பாலை யாழை இசைப்பதைச் சொல்லும் இடத்தில் ‘வாரியும் வடித்தும் உந்தியும் உறழ்ந்தும்’ என்று வருகிறது. ‘வாரி’ என்பதற்கு நரம்புகளைக் கூடத் தழுவுதல் என்று உரை சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் இசைக்கரணம் (யாழ் வாசிக்கும் விரற்செயல்) எட்டனுள் முதலாவதாக நிற்கும் ‘வார்தல்’ என்பதற்கோ சுட்டுவிரற் செய்தொழில் என்பது பழைய விளக்கம். எல்லா நரம்பும் சேர்த்து, சுட்டுவிரலால்: உகுலேலே ஆசிரியர் முதல் நாளில் சொல்லித்தருவதும் ஏறத்தாழ இதுவே. இதனால் யாழிலும் இன்றைய கார்டு (பல சுரங்களை ஒருசேர ஒலித்தல்) முறை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மடமை. அசைவுக்கு ஒரு சொல் கிடந்தது, அதை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்பதே என் வாதம்.

ஒற்றைத் தந்திக்கு ‘மீட்டுதல்’ இருக்கட்டும். உந்துதலையும் உறழ்தலையும் விளக்கும்போது உரையாசிரியர் ‘தெறித்தல்’ என்கிறார். விரல்கள் மாறி மாறித் தந்திகளைத் தட்டி எழுப்பும் வாசிப்புக்கு அது பொருந்தலாம். ‘சுண்டுதல்’ என்றும் சிலர் சொல்வர். பெயர்ச்சொல்லாக்கினால் கடற்கரைத் தின்பண்டம் ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

இனிக் கருவி. ‘மீட்டுகோல்’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பிக் என்பது கோல் அன்று, ஏறக்குறைய முக்கோண வடிவில் இருக்கும் ஒரு தகடு. ‘மீட்டி’ என்பது வினையெச்சத்தோடு மயங்குகிறது என்பதைத் தங்கள் வாக்கியமே காட்டிவிட்டது. தட்டையான சிறு துண்டை நாம் வில்லை என்கிறோம்: மருந்து வில்லை, ஒட்டுவில்லை, நீதிமன்றக் கட்டண வில்லை. எனவே ‘மீட்டுவில்லை’ என்றும், இடம் தெளிவாக உள்ளபோது வெறும் ‘வில்லை’ என்றும் எழுதலாம். இதில் ஒரு வசதி உண்டு. உகுலேலேக்கு எந்த வில்லை ஏற்றது என்று தாங்கள் எழுதும்போது பொருளின் பெயரை முன்னால் ஒட்டினால் போதும். நைலான் தந்தியில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை பட்டால் ஓசையைவிட ‘டிக்’ என்ற ஒலியே முந்திக் கேட்கும். பெரும்பாலான உகுலேலேக்களில் கித்தாரில் இருப்பதுபோன்ற காப்புத்தகடு இல்லாததால் மேற்பலகையிலும் கீறல் விழும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய வில்லை வளைந்துகொடுப்பதால் ஓரளவு பொறுக்கலாம். கம்பளி இழையை அழுத்திச் செய்த ஃபெல்ட் வில்லை இதற்கென்றே நெடுநாளாகப் புழங்கி வருவது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பிருந்தாலும் ஓசை விரற்சதைபோல மென்மையாக இருக்கும், நாளடைவில் பஞ்சு பிரிந்து தந்திகளின் கீழ் உதிரும் என்பதுதான் குறை. தோல் வில்லை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. என் கருத்தைக் கேட்டால், தொடங்குவோர் முதலில் விரலாலேயே வாரட்டும். நகம் உடைபவர்களும், கூட்டமாகப் பாடும்போது ஓசை போதவில்லை என்பவர்களும் ஃபெல்ட் வில்லைக்கு வரட்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். கை கீழே செல்வதற்கு ‘இறக்கம்’, மேலே வருவதற்கு ‘ஏற்றம்’ என்று பெயரிட வேண்டாம். நம் காது அவற்றைச் சுரத்தின் ஏற்ற இறக்கமாகவே கேட்கும். கித்தாரில் கை கீழே செல்லும்போது தாழ்ந்த தந்தியிலிருந்து உயர்ந்த தந்திக்குப் போகிறது. உகுலேலேயின் வழக்கமான சுருதியிலோ மேலிருந்து கீழாக ஜி, சி, இ, ஏ என்று தந்திகள் நிற்க, அவற்றின் அதிர்வெண் முறையே 392, 262, 330, 440 ஹெர்ட்ஸ். முதல் தந்தியே உயரத்தில் நின்று, அடுத்தது சட்டென்று விழுந்து, பிறகு படிப்படியாக ஏறுகிறது. தாழ்ந்த ஜி தந்தியைப் பூட்டுவோரும் இருக்கிறார்கள். எனவே சுரத்தைத் தொடாமல் கையின் திசையை மட்டும் சொல்லும் ‘கீழ்வாரல்’, ‘மேல்வாரல்’ என்பவையே பிழைக்கு இடம் தராதவை.

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். வீணையும் வயலினும் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டு தடைகள். முதலாவது, ‘வில்லை’ என்று நான் வகுப்பில் சொன்னால் வயலின் மாணவர் ‘வில்’ என்பதன் இரண்டாம் வேற்றுமை என்றே கொள்வர். “வில்லைப் பிடி” என்பது எங்கள் அன்றாட வாக்கியம். இலங்கைப் பாடநூல்களில் ‘வில்லை’ ஒளியியலுக்கும் உரியது; லென்சு என்பதற்கான சொல் அது. இரண்டாவது, வீணைக்காரர் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் மாட்டிக்கொள்ளும் கம்பிச் சுருளுக்கு இச்சொல் பொருந்தாது. ‘மீட்டி’ என்றால் இரண்டையும் தழுவும்.

‘வாரல்’ குறித்து எனக்குத் தடையில்லை. வீணையின் பக்கத் தந்திகள் மூன்றையும் சுண்டுவிரலால் தாளத்துக்கு மேல்நோக்கித் தடவும் செயலுக்கும் அது உதவும்.

*

மறுமொழி:

ஐயாவின் முதல் தடையை ஏற்கிறேன், ஆனால் இலக்கணமே காப்பாற்றும்: வயலினில் “வில்லைப் பிடி”, உகுலேலேயில் “வில்லையைப் பிடி”. ஒளியியலாரும் நாமும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு. இரண்டாம் தடை வலுவானது. பொதுப்பெயராக ‘மீட்டி’ நிற்கட்டும். அதன் ஒரு வகை மீட்டுவில்லை, மற்றொரு வகை தங்கள் கம்பிச் சுருள். உகுலேலேக் கையேட்டில் வகைப்பெயர் மட்டுமே போதுமாகையால் வினையெச்ச மயக்கமும் எழாது.

1879இல் மதீராத் தீவிலிருந்து ஹொனலுலுவில் வந்திறங்கிய போர்த்துக்கேயர் கொண்டுவந்த மசேட்டே என்னும் சிறு கருவியின் வழி வந்ததுதான் உகுலேலே. வந்த பெயரை ஹவாயினர் வைத்துக்கொள்ளவில்லை. ‘தாவும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள்படும் தம் சொல்லை இட்டனர். விரல்கள் தந்திகளின்மேல் தாவும் விரைவைக் கண்டு இட்ட பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அசைவைப் பார்த்துப் பெயரிடுவதற்கு அந்தக் கருவியிலேயே முன்மாதிரி இருக்கிறது.

*

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. அந்த வாக்கியம் இப்போது இப்படி மாறியிருக்கிறது: “வில்லையின் முனை சற்றே வெளியே தெரியும்படி கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில் தளர்வாகப் பிடித்து, கீழ்வாரலில் தொடங்கி, தந்திகளைத் தொடாமல் கை திரும்பும் இடங்களிலும் மணிக்கட்டின் அசைவை நிறுத்தாமல் வாருக.” மெய்ப்புப் பார்ப்பவர் கடைசிச் சொல்லை ‘வருக’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார், நான் மீண்டும் காலிட்டு அனுப்பியிருக்கிறேன்.