ஊன்றுகாலா, பொறுதிக்காலா?

கல்லடியான்:
எல்லோருக்கும் வணக்கம். புதிதாகக் கூடைப்பந்து பழக வரும் தரம் 6 பிள்ளைகளுக்கான கைநூல், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: 'பிவட்'. பந்தைக் கையில் வைத்திருப்பவர் ஒரு காலை ஊன்றிய இடத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றக் காலை எந்தப் பக்கமும் எடுத்து வைத்துத் திரும்பலாம். பந்தை நிலத்தில் தட்டத் தொடங்க, அது கையை விட்டுப் போகுமுன் அந்த ஊன்றிய காலைத் தூக்கினால் 'ட்ரவலிங்', விசில்தான். பிவட்டுக்கு 'சுழற்கால்' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

வாழைச்சேனை விஞ்ஞான ஆசிரியர்:
சுழல்வது ஆள், கால் அல்ல. 'பொறுதிக்கால்' என்று போடுங்கள் சேர். நெம்புகோல் தாங்கி நிற்கும் புள்ளிதான் பொறுதி. பொறுதி, எத்தனம், சுமை என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே.

கல்லடியான்:
பொறுதி நெம்புகோலுக்கு. இங்கே யாரை நெம்பப் போகிறோம்?

காரைதீவார்:
இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ஊன்றுகால். வினைத்தொகை, அதனால் 'க்' மிகாது. 'ஊன்றுக்கால்' என்று அச்சடித்து என் கண்ணில் காட்டிவிடாதீர்கள். இன்னும் பழையது வேண்டுமென்றால் வள்ளுவரே தருகிறார்: "இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே". வழுக்குமிடத்தில் ஊன்றும் கோல். இரும்பு இருப்புப்பாதையானதுபோல ஊன்று ஊற்றாகியிருக்கிறது. மழை பெய்த சீமெந்துத் தரையில் ஆடுபவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? என் தெரிவு 'ஊற்றுக்கால்'. கலைச்சொல்லில் எங்கள் ஊர் சும்மா ஊர் இல்லை. 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்.

கல்முனை அக்கா:
ஐயா, 'ஊற்றுக்கால்' என்றால் என் மாணவி காலில் புண் ஊத்துகிறது என்று நினைப்பாள். தாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

பழைய ஆட்டக்காரன்:
எனக்கு 'பிவட்' போதும். இந்த ஆட்டத்தை மட்டக்களப்பில் வளர்த்தவர்கள் அமெரிக்க இயேசு சபைக் குருமார். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய எங்கள் வெபர் விளையாட்டரங்கே அதைச் சொல்லும். அவர்களோடு வந்த சொற்கள்தான் இன்றைக்கும் மைதானத்தில் ஓடுகின்றன. கைநூலில் 'ட்ரவலிங்'குக்குப் 'பயணப்பிழை' என்று போட்டிருக்கிறீர்கள். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போனவனா அவன்? நடுவர் இரண்டு கை முஷ்டிகளையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டுவதைப் படமாகப் போடுங்கள், விளங்கும்.

காரைதீவார்:
படம் சொல்லாகாது.

கல்முனை அக்கா:
நேற்று ஒரு பிள்ளையின் சப்பாத்தைச் சுற்றிச் சோக்கால் வட்டம் கீறி, "ஊன்றின கால் இதுக்குள்ளயே நிக்கோணும்" என்றேன். விளக்கமே தேவைப்படவில்லை, அப்படியே நின்றாள். மறுகா, ஓரத்தில் நின்ற பெரிய பிள்ளைகள் "பிவட்டைத் தூக்காதே!" என்று கத்தினார்கள். அதுவும் அவளுக்கு விளங்கியது.

கல்லடியான்:
சரி. 'ஊன்றுகால்' என்று தலைப்பில் போட்டு, 'மைதானத்தில் பிவட் என்பார்கள்' என்று முதல் வரியில் எழுதிவிடுகிறேன். ட்ரவலிங் 'காலடிப் பிழை'. அச்சகத்துக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார்.

வாழைச்சேனை விஞ்ஞான ஆசிரியர்:
எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'ரீபவுண்ட்' பக்கத்தில் 'மீள்பந்து' என்று இருக்கிறதே. வளையத்தில் பட்டு வெளியே வருகிற பந்து எப்படி மீளும்? தெறிக்கத்தானே செய்யும்?