கதவுக் கைப்பிடியில் தொங்கிய சாவி: நேரிலும் திரையிலும் பாடம் நடத்திய, படித்த அனுபவங்கள்

இயற்பியல் ஆசிரியர்:

பன்னாட்டுப் பள்ளியில் ஐபி டிப்ளமோ (இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்ற அமைப்பு நடத்தும் மேல்நிலைப் படிப்பு) மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கலப்புக் கற்றல், அதாவது பாதி நேரிலும் பாதி திரையிலும் படிப்பது, என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு ஒரு சாவிதான் ஞாபகம் வரும்.

2020-இல் பள்ளியை மூடிய வாரமே என் வகுப்பில் பாதிப் பேர் அவரவர் நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்குக் காலை ஒன்பது மணி என்றால் ஒரு பையனுக்கு நடுராத்திரி. ஆய்வகமும் இல்லை. சரி என்று, தனி ஊசல் சோதனைக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் இருக்கும் ஊசல் சிமுலேஷனை, அதாவது கணினித் திரையிலேயே செய்யும் பாவனைச் சோதனையை, கொடுத்தேன். மறுநாளே அறிக்கைகள் வந்து குவிந்தன. புவியீர்ப்பு முடுக்கம் எல்லாருக்கும் அச்சுப் பிசகாமல் 9.8. பிழைக்கான காரணம் என்ற இடத்தில் பெரும்பாலோர் எழுதியிருந்தது 'மனிதத் தவறு'. தவறே நடக்காத சோதனையில் மனிதத் தவறு எங்கிருந்து வந்தது?

அந்த நடுராத்திரிப் பையன் வீட்டில் மட்டும் சிமுலேஷன் திறக்கவில்லை. அவன் ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டி, கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு, செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினான். நூல் 40 செ.மீ., 20 அலைவுக்கு 26.2 நொடி. கணக்குப் போட்டால் 9.2. "எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் சார், தெரியல" என்று கீழே ஒரு வரி.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அளவுகோல் முடிச்சோடு நின்றுவிட்டது. சாவியோ முடிச்சுக்குக் கீழே தொங்குகிறது. நான் எதுவும் சொல்லாமல் அடுத்த நேரலை வகுப்பில் அதைப் போட்டுக் காட்டி, "நீளம் எங்கிருந்து எதுவரை?" என்று மட்டும் கேட்டேன். வழக்கமாகக் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூட மைக்கைத் திறந்து சண்டை போட்டார்கள். சாவியின் ஈர்ப்பு மையம் வரை அளந்து 42.5 என்று போட்டதும் 9.78 வந்தது. அந்தப் பையன் மறுநாள் ரெக்கார்டிங்கில் இதைப் பார்த்துவிட்டு, தன் சாவிக்காக நாற்பது நிமிடம் சண்டை நடந்ததை நம்பவே இல்லை.

அதற்கப்புறம் விளக்கத்தை எல்லாம் எட்டு நிமிட வீடியோவாக முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். கூடியிருக்கும் நேரம் வாதத்துக்கும் கணக்குக்கும்தான். இது நான் கண்டுபிடித்ததில்லை. 2007-இல் கொலராடோவில் ஜொனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யப் போய்ப் பிறந்ததுதான் இந்தத் தலைகீழ் வகுப்பறை. உங்களில் மற்றவர்கள் எதைத் திரையில் வைத்தீர்கள், எதை நேரில் வைத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இரண்டாம் வகுப்புக் குழந்தையின் அம்மா:

சார், உங்கள் மாணவர்கள் பெரியவர்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் படிப்பது அம்மாதான். ஐந்து தளம், ஐந்து பாஸ்வேர்டு. கணக்கு ஒன்றில், வாசிப்பு ஒன்றில், வருகைப் பதிவு இன்னொன்றில். ஒவ்வொரு ஆசிரியரும் தன் தளம் ஒன்றுதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை கொடுப்பார். "மியூட்டை எடு", "மியூட் போடு" என்று கத்தியே என் தொண்டை கட்டிப்போனது. ஒருநாள் என் பெண் தமாஷாக என்னையே மியூட் செய்வதுபோல் விரலால் என் நெற்றியில் தட்டினாள். சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

பெற்றோர்கள் சேர்ந்து கேட்டபிறகு, ஞாயிறு மாலைக்குள் அந்த வாரத்து வேலை முழுவதையும் ஒரே பக்கத்தில் போட ஆரம்பித்தார்கள். எந்தப் புதிய செயலியையும்விட அந்த ஒரு பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

2020 ஐபி மாணவர்:

நான் தேர்வே எழுதாமல் டிப்ளமோ வாங்கிய கூட்டம். மார்ச்சில் ஐபி அமைப்பு மே மாதத் தேர்வுகளை ரத்து செய்தது. பாடத்துக்குள் செய்த பயிற்சிப் பணிகளையும் ஆசிரியர் கணித்துக் கொடுத்த மதிப்பெண்ணையும் வைத்து முடிவு வரும் என்றார்கள். வழக்கமாக ஐஏ எனப்படும் அந்தப் பணிகளைப் பள்ளியிலேயே திருத்துவார்கள், மாதிரிக்குச் சிலவற்றைத்தான் ஐபி சரிபார்க்கும். அந்த வருடம் எல்லாவற்றையும் வெளியே அனுப்பித் திருத்தினார்கள். 'தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பாதிக் கவனத்தோடு எழுதிய என் வேதியியல் ஐஏ திடீரென்று தலையெழுத்தாகிவிட்டது. ஜூலையில் முடிவு வந்தபோது உலகம் முழுக்கப் புகார் கிளம்பி, ஆகஸ்டில் சிலருக்கு மதிப்பெண்ணை மாற்றினார்கள். எனக்கு மாறவில்லை.

வீடியோ விஷயத்தில் ஒன்று சொல்லணும். நாங்கள் எல்லாருமே ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓட்டுவோம். புரியாத இடத்தில் பின்னால் போய் நாலு தடவை கேட்டாலும் வீடியோவில் ஆசிரியர் அதையே அதே மாதிரிதான் சொல்வார். நேரில் என்றால் என் மூஞ்சியைப் பார்த்தே வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

ஆங்கிலத் துணை வகுப்பு ஆசிரியை:

என் அனுபவம் கொஞ்சம் எதிர்ப்பக்கம். வீட்டில் வேறு மொழி பேசிவிட்டு ஆங்கில வகுப்பில் உட்காரும் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். ஒரு பெண், ஆறு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். மற்ற ஆசிரியர்கள் 'சிரமப்படும் மாணவி' என்று குறித்து வைத்திருந்தார்கள்.

ஆன்லைனுக்குப் போன மூன்றாவது நாள், எல்லாரும் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸில் அவள் பெயர் போட்ட கர்சர் நகர ஆரம்பித்தது. ஒரு வார்த்தை எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். அரை பக்கம் வந்தது. அகதிகளைப் பற்றிய பாடத்துக்கு அன்று அந்த வகுப்பில் வந்ததிலேயே கூர்மையான கேள்வி அவளுடையது. அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் வாக்கியத்தைக் கட்டி முடிக்கக் கொஞ்சம் நேரம். வகுப்பில் அதற்குள் நாலு பேர் கை தூக்கிவிடுவார்கள்.

பள்ளி திறந்ததும் பழையபடி மௌனம். அதனால் இப்போதும், எல்லாரும் ஒரே அறையில் இருந்தாலும், முதல் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. அந்த டாக்ஸில் எழுத மட்டும்தான். 'நேரில் வந்த பிறகு எதற்கு இது' என்று எங்கள் தலைமை கேட்டது. அந்தப் பெண் எழுதியதைக் காட்டினேன். விட்டுவிட்டார்கள்.

பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர்:

எங்கள் நிர்வாகம் எப்போதும் தூக்கிக் காட்டுவது 2009-இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பை. கலப்பு முறையில் படித்தவர்கள் நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் கலப்பு முறையில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்தன, பலன் அதனாலும் இருக்கலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இந்த இரண்டு வரியையும் கூட்டத்தில் யாரும் வாசிப்பதில்லை. ஆசிரியருக்கு வீடியோ எடுக்க நேரம் ஒதுக்காமல் 'கலப்புக் கற்றல்' என்று பலகை மாட்டினால், அது சம்பளமில்லாத கூடுதல் வேலை. அவ்வளவுதான்.

இயற்பியல் ஆசிரியர்:

2020 மாணவருக்கு: நாலு தடவை கேட்டாலும் அதேதான் என்றது சுருக்கென்று குத்தியது. நானும் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது வீடியோவின் கடைசியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்: 'எந்த நிமிடத்தில் தொலைந்துபோனாய்?' வகுப்புக்கு முந்தின இரவு அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். போன வாரம் ஒன்பது பேர் ஒரே இடத்தைக் குறித்திருந்தார்கள், 6:40. ஒருவன் மட்டும், "தொலையவில்லை சார், தூங்கிவிட்டேன். அதுவும் 6:40-இல்தான்" என்று எழுதியிருந்தான். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மறுநாள் கரும்பலகையில் நடத்தினேன்.