புதுப்பிப்பு: மச்சான் வீடு வந்த பிறகு

மதுரை மத்தியச் சிறையிலிருந்து நாலு வருடம் கழித்து மச்சான் வருகிறான், யாரைப் பார்ப்பது என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்காக இது.

15100-க்கு அடிக்கச் சொன்னவருக்கு நன்றி. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் அது. அவர்கள் சொன்னபடி ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்துக்குப் போனோம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒரு தன்னார்வலர் மனு எழுதித் தந்தார். 2 வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாமல் முடங்கிய வங்கிக் கணக்கும் ஆதாரைக் காட்டியதும் சரியாகிவிட்டது.

வேலைதான் இழுத்தது. வந்த நேரம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; பாம்பனில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், கரையில் வலை பழுது பார்க்க ஆள் தேவைப்பட்டது. முதல் நாள் ஊசி பிடித்த கை நடுங்கியது. மூன்றாம் நாள் பெரியப்பா அவன் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வலையை அவன் பக்கம் தள்ளினார். ஜூன் 15 அன்று கடலுக்கும் போய்விட்டான்.

அப்புறம், சாயங்காலம் ஆறு மணியானால் இன்னமும் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறான். அத்தை வாசல் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டார்.